சூட்டு வலி என்று சொன்னவள் நான்

வியாழக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். அண்ணி கல்லில் தோசை மாவை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு, "இன்னான்னு தெரியல, வயித்த ஒருமாதிரி பிசையுது" என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தோசை கருகும் வாசனை வந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன்.

என் அண்ணி கலையரசியின் வயிற்றில் இன்று இருக்கும் தழும்பு அந்தத் தோசையிலிருந்து தொடங்குகிறது. வயிற்றில் அறுவைச் சிகிச்சைத் தழும்போடு வாழ்கிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்ல இதை எழுதுகிறேன். சிகிச்சைகளை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் தழும்பு எப்படி வந்தது என்பதை நான் ஏற்கெனவே ஒருமுறை மறைத்தவள். இன்னொருமுறை மறைக்க விருப்பமில்லை.

எங்கள் வீடு பாண்டிக்குப் பக்கத்தில் ஒதியம்பட்டில். நான் மருத்துவ ஆய்வக டிப்ளமோ படித்தவள். வில்லியனூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அண்ணனுக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வருவான். வீட்டில் அம்மா, அண்ணி, அப்போது இரண்டு வயதாகியிருந்த அண்ணியின் மகள் யாழினி, நான். அண்ணி பக்கத்தில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். "பவித்ராகிட்ட காட்டு, அது சொல்லும்" என்பார்கள். நானும் சொல்வேன்.

அது ஆடி மாதம். வீராம்பட்டினம் தேருக்காக அம்மா யாழினியைத் தூக்கிக்கொண்டு அங்கே இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அண்ணியும் மட்டும்தான்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிக்க வரும். அன்றும் மனதுக்குள் போட்டேன். வலி: தொப்புளைச் சுற்றி. காய்ச்சல்: இல்லை. வாந்தி: ஒருமுறை. மாதவிலக்கு: இரண்டு மூன்று நாளில். வெயில்: கொளுத்துகிறது. "சூட்டு வலி அண்ணி" என்றேன். எங்கள் பக்கத்தில் காரணம் தெரியாத வயிற்று வலிக்கெல்லாம் இருக்கிற பெயர் அதுதான். ஓம வாட்டர் கொடுத்தேன். விளக்கெண்ணெயை லேசாகச் சூடு பண்ணித் தொப்புளிலும் அடிவயிற்றிலும் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவலாமாடி?" என்று கேட்டார்.

அவர் கேட்டார். இந்த ஒரு வரியைத்தான் பிறகு நான் விழுங்கினேன்.

அன்று எங்கள் ஆய்வகத்துக்குத் தர ஆய்வு செய்ய வெளியூரிலிருந்து குழு வருவதாக இருந்தது. மூன்று மாதமாக நான்தான் பதிவேடுகளைத் தயார் செய்திருந்தேன். "இன்னைக்கு ஒரு நாள் பொறு அண்ணி. சாயந்திரமும் வலிச்சா போவலாம்" என்றேன். வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். வலித்த இடத்தில் மறுபடி எண்ணெய் தேய்த்தேன், இம்முறை இன்னும் அழுத்தி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவா" என்றார்.

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பஸ் பிடித்தேன். அன்று முழுக்க ஆய்வகத்தில் மற்றவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களை (உடம்பில் கிருமி புகுந்தால் கூடுபவை) எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணியின் கையில் ஒரு ட்யூப் ரத்தம் எடுத்திருந்தால் மதியத்துக்குள் எனக்கு விடை தெரிந்திருக்கும். எடுக்கத் தோன்றவே இல்லை. வந்திருந்த அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தார். "வலி வுட்டுடுச்சுடி" என்றார். எனக்குச் சந்தோஷம். "சூட்டு வலிதான்னு சொன்னேன் பாரு" என்றுகூடச் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடல்வால் அழற்சியில் (பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சிறு குழாய் வீங்கிச் சீழ் பிடிப்பது) வலி தொப்புளில் தொடங்கி வலதுபக்கம் இறங்கும். அது திடீரென்று நின்றால், குழாய் வெடித்துவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். வயிற்றில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவும் கூடாது.

சனிக்கிழமை காலை அண்ணியின் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோவில் பாண்டிக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர், "எப்பலேர்ந்து வலி?" என்றார். நான், "இன்னைக்குக் காலையிலேர்ந்து சார்" என்றேன். வேலைக்குக் கிளம்பும்போது மாட்டிய ஆய்வக அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாமல் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

சின்னத் துளைகள் போட்டு முடித்திருக்க வேண்டிய அறுவை, வயிற்றின் நடுவில் தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை திறக்கும் அறுவையாக மாறியது. சீழைக் கழுவி எடுத்தார்கள். பக்கவாட்டில் சீழ் வடியக் குழாய் வைத்தார்கள். வெளியே வந்த மருத்துவர், "இவ்ளோ நேரம் ஏன் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குள் சித்தி வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏன்டி, கூடத்தான இருந்த? உனக்குத் தெரியாதா?"

"அண்ணி எங்கிட்ட சொல்லவே இல்லம்மா."

இரண்டு பொய்கள். முதலாவது மருத்துவமனைக் காகிதத்தில் ஏறியது. இரண்டாவது எங்கள் வீட்டில் ஏறியது.

தையல்களில் கீழ்ப்பாதி சீழ் பிடித்துத் திறந்துகொண்டது. பல வாரம் தினமும் கட்டு மாற்றினோம். புண் உள்ளிருந்து மேல்நோக்கிச் சதை வளர்ந்து மெல்ல மூடியது. மூடிய இடம் விரல் தடிமனுக்குப் புடைத்துச் சிவந்தது. இரண்டு பக்கமும் உலோக ஊக்குகளால் போட்ட தையலின் புள்ளிகள். யாழினி ஒருநாள் குளிக்கும்போது பார்த்துவிட்டு, "அம்மா வயித்துல பூரான்" என்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அண்ணி அவள் முன்னால் உடை மாற்றியதில்லை.

பாவாடை நாடா சரியாகத் தழும்பின் மேல் உட்கார்ந்து அறுத்தது. எந்நேரமும் அரிப்பு. அண்ணி புடவையை விட்டுவிட்டு நைட்டிக்கு மாறினார். நிமிர்ந்து நின்றால் இழுக்கிறது என்று கொஞ்சம் குனிந்தே நடந்தார். ஆனால் அவர் வீட்டிலேயே அடைந்தது தழும்பால் மட்டுமில்லை. தையல் யூனிட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று கேட்டபோதெல்லாம் அம்மா ஒரே பதில்தான் சொன்னார்.

"நீ வலிய வாயத் தொறந்து சொல்ற ஆளாம்மா? மெஷின்கிட்ட சுருண்டு வுழுந்து கெடப்ப. எவளுக்குத் தெரியும்? ஒருக்கா பட்டது போதும். வூட்லயே இரு."

ஓசூரிலிருந்து வரும் அண்ணனும் அதையே சொல்வான். "உனக்கு உம்மேலயே அக்கறை இல்ல கலை." யாழினிக்குத் தும்மல் வந்தால்கூட அம்மா, "அம்மாக்காரி மாதிரி மறைச்சு வெக்காத கண்ணு" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். சோறு பிசைந்துகொண்டிருக்கும் நான் தட்டைப் பார்ப்பேன். அண்ணி என்னைப் பார்ப்பார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்ததெல்லாம் தழும்பைச் சரிசெய்யும் வழிகளைத் தேடியது. ஒரு நோட்டு முழுக்கப் பட்டியல். எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லாமல், எதையெல்லாம் வாங்க முடியுமோ அதையெல்லாம் வாங்கினேன். வைட்டமின் மாத்திரையைக் குத்தி அதன் எண்ணெயைத் தடவினேன். சுற்றிலும் தடித்துக் கொப்புளம் வந்தது. சிலிக்கான் ஒட்டுப் பட்டையை (தழும்பின் ஈரத்தைக் காத்துப் புடைப்பை அமுக்கும் மெல்லிய ரப்பர் போன்ற தாள்) ஆன்லைனில் வரவழைத்து, சித்திரை வெயிலில் நாலு நாள் கழற்றாமல் ஒட்டி வைத்தேன். எடுத்தபோது கீழே முழுக்க வேர்க்குருவும் புண்ணும்.

"எம்மேல இன்னும் எதையாவது தடவணும்னா முன்னாடியே சொல்லிடு. அழுது முடிச்சிட்டு வரேன்" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதன் பிறகுதான் பாண்டியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வயதான பெண். முதலில் அண்ணியை நிற்கவைத்து, படுக்கவைத்து, இருமச் சொல்லி வயிற்றைப் பார்த்தார். அறுவை செய்த இடத்தில் குடலிறக்கம் (உள்சுவர் பலவீனமாகிக் குடல் முன்னால் தள்ளுவது) இருந்தால் மேல்தோலுக்கு வைத்தியம் பார்த்துப் பயனில்லையாம். எங்களுக்கு அது இல்லை. உங்கள் தழும்பு இருமும்போது புடைத்தால் முதலில் அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

பிறகு தழும்பின் ஓரத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "புடைப்பு காயத்தோட எல்லைக்குள்ளயே நிக்குது பாருங்க. எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ள நண்டுக்கால் மாதிரி படர்ந்தா அது வேற வகை. அதை வெட்டினா இன்னும் பெருசா வளரும். இது கேக்கும். மெதுவாத்தான் கேக்கும்."

நான் நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். தடித்த கீழ்ப்பகுதிக்குச் சில வார இடைவெளியில் ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தை அடக்கும் மருந்து, தழும்புக்குள்ளேயே போடுவது). அது வலிக்கும். சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுக்கவும் கூடும். மேல்பகுதிக்குச் சிலிக்கான் பட்டை போதும். ஆனால் தினமும் கழற்றிக் கழுவி, தோலைக் காயவைத்து ஒட்ட வேண்டும், மாதக்கணக்கில். லேசர் (ஒளிக்கற்றையால் சிவப்பைக் குறைப்பது) பல தடவை போக வேண்டியிருக்கும். சிவப்பு தானாகவே மங்கிவருவதால் இப்போது அவசரமில்லை. தழும்பை வெட்டி எடுத்துப் புதிதாகத் தைக்கும் அறுவையைப் பற்றி, மற்றதெல்லாம் முடிந்து, தோல் முழுக்க அடங்கிய பிறகு யோசிக்கலாம். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்கு முன் அது வேண்டாம். வயிறு மறுபடி விரியும்.

"எதைப் போட்டாலும் தழும்பு போகாது. தட்டையாகும், வெளுக்கும், அரிப்பு நிக்கும். அதுக்குத்தான் வைத்தியம். சரியா?" என்றார்.

அதன் பிறகு பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கையில் எடுத்தார். படித்தார். கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி படித்தார்.

"காலையில ஆரம்பிச்ச வலின்னு போட்டிருக்கு. மதியமே ஆபரேஷன். அதுக்குள்ள வயிறு முழுக்க சீழா? கொஞ்சம் ஆச்சரியமா இருக்கே." அண்ணியைப் பார்த்தார். "நீங்க வலியைச் சொல்லாம இருந்தீங்களாம்மா? ஊசி போடறப்ப எப்படி இருக்குன்னு நீங்க சரியாச் சொல்லணும். மறைக்கற ஆள்னா எனக்கு இப்பவே தெரியணும்."

அண்ணி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒன்றரை வருடமாக எப்படிப் பார்த்தாரோ அப்படியே.

"இல்ல மேடம்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "வியாழக்கிழமை சாயந்திரமே சொன்னாங்க. வெள்ளிக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்குப் போகலாமான்னு கேட்டாங்க. நான்தான் சூட்டு வலின்னு சொல்லி எண்ணெய் தேய்ச்சேன். டாக்டர்கிட்ட அன்னைக்குக் காலையிலேர்ந்துன்னு பொய் சொன்னதும் நான்தான்."

மருத்துவர் என்னையும் என் நோட்டையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கோப்பில் ஏதோ எழுதினார். "சரி. அப்ப இவங்க சொல்ற ஆளு. நல்லது" என்றார். எழுதி முடித்துவிட்டு, "தினமும் ரெண்டு வேளை தழும்பை விரலால மசாஜ் பண்ணணும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். புண் இருந்தா கூடாது. இப்ப புண் ஆறிடுச்சு, தொடங்கலாம். அடியில ஒட்டியிருக்கிற தோல் இளகணும். யார் பண்ணுவீங்க?" என்றார்.

என் கைகள் மடியில் இருந்தன.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வில்லியனூர் பஸ் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு போனது. அடுத்ததற்கு நின்றோம்.

"நீ எப்பவாவது சொல்லுவேன்னு தெரியும்" என்றார் அண்ணி. "இத்தனை நாள் ஆவும்னுதான் தெரியாது."

"நீ ஏன் அண்ணி சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? நீ லேப்புல கீற பொண்ணு. தெருவே உன் பேச்சைக் கேக்குது. வந்த எடத்துல நான் ஒருத்தி சொன்னா, நாத்தனார் மேல பழி போடறேன்னு ஆயிடும்." பஸ் வருகிறதா என்று பார்த்தார். "ஆரம்பத்துல உன்னக் கண்டாலே அவ்ளோ கோவம் வரும். நீ கட்டு மாத்த வருவ பாரு, அப்பல்லாம் கண்ண மூடிப்பேன். வலியில மூடிக்கினேன்னு நெனச்சிருப்ப."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"மன்னிச்சிடு அண்ணி."

"அதுலாம் எங்கிட்ட வேணாம். உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு. மெஷின்ல நான் ஏறணும்."

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது. முழுவதையும் கேட்டார். அழுவார், கத்துவார் என்று நான் போட்டிருந்த பட்டியலில் எதுவும் நடக்கவில்லை. என்னிடம் திரும்பாமல் அண்ணியைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் வாய்க்கு வந்தபடி பேசிகினு இருந்தேனே. ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா நம்பியிருப்பியா அத்த?"

அம்மா முறத்தை எடுத்தார். இரண்டு புடை புடைத்துவிட்டு என் பக்கம், "படிச்சவளாம் படிச்சவ" என்றார். அடுத்த சில வாரங்களுக்கு அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். தெருவில் யாரோ ரிப்போர்ட்டோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "டாக்டராண்ட போ. இங்க இன்னா கீது?" என்று அனுப்பிவிட்டார். அது சரிதான். அண்ணனுக்கு நானே போனில் சொன்னேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டான். பிறகு அண்ணியை அழைத்து நீண்ட நேரம் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே அண்ணி தையல் யூனிட்டுக்குப் போனார். சாப்பாட்டு டப்பாவை அம்மா கட்டிக் கொடுத்தார்.

அன்று காலை கிளம்பும் முன் அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து பாயில் படுத்தார். "எனக்கு அதப் பாக்கத் தெம்பு இல்ல. நீதான் பாத்திருக்க. நீயே பண்ணு" என்றார். நான் தயங்கினேன். "இன்னா பாக்கற? இப்ப டாக்டரே சொல்லியாச்சு" என்றார்.

என் விரல்கள் அந்த வயிற்றை எண்ணெய் போட்டுத் தேய்க்கப் போனது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான். பதற்றத்தில் மேலோட்டமாகத் தடவினேன். "தெரியவே இல்லடி, அழுத்து" என்றார். தழும்பைச் சுற்றிச் சுமார் நாலு விரற்கடைக்கு அவருக்கு உணர்வே இல்லை. வெட்டுப்பட்ட தோல் நரம்புகள் மெல்லத்தான் திரும்பும், சில இடங்களில் திரும்பாமலும் போகும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அழுத்தச் சொல்லி அவர் கேட்பதும், அன்று மெதுவாக என்று கேட்டதும் ஒரே நேரத்தில் எனக்குக் கேட்டன. இப்போதும் கேட்கின்றன.

ஊசிகள் வலித்தன. போடும்போதெல்லாம் அண்ணி வாய்விட்டுக் கத்தினார். "மறைக்கற ஆளு இல்லன்னு தெரியணும்ல மேடம்" என்று மருத்துவரிடமே சொன்னார். கீழ்ப்பகுதி மெல்லத் தட்டையானது. ஓரிடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்தது. பட்டையைத் தினமும் கழுவிக் காயவைக்கும் வேலையை யாழினி எடுத்துக்கொண்டாள். "பூரான் தூங்குதா?" என்று கேட்பாள். பாவாடைக்கு நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்து, தழும்பில் படாத உயரத்தில் அண்ணியே தைத்துக்கொண்டார். யூனிட்டில் சிசேரியன் ஆன இரண்டு பெண்களுக்கும் அப்படியே தைத்துக் கொடுத்தாராம். நான் எழுதிய எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

தழும்பு போகவில்லை. போகாது. இப்போது அது வெளிர்ந்த, கொஞ்சம் கோணலான கோடு. அண்ணி நிமிர்ந்து நடக்கிறார். நாள்கணக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு நாள் பொறு என்று எளிதாகச் சொல்வேன். இப்போது யாராவது வலி என்றால், எப்போதிலிருந்து என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்புகிறேன். என் கைகளையும் நான் முன்புபோல் நம்புவதில்லை. அவை செய்வதை அடியில் இருக்கும் உடம்பு சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் காலையில் வழக்கம்போல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொப்புளுக்குக் கீழே, வலதுபக்கம், உணர்வு இல்லாத இடம். யூனிட் வண்டி வரும் நேரம் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. எடுக்காத."

"வலிக்குதா அண்ணி?"

"இல்லடி. உன் கை சில்லுன்னு கீது."